பழைய பாட்டுக்கு எந்த வாத்தியம்?

பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பணிக்கன்குப்பம் தாண்டினால், பருவத்தில் இரண்டு பக்கமும் பலாப்பழக் குவியல்தான். லாரிகள் நிற்கும், பேரம் நடக்கும், பழ வாசனை பேருந்துக்குள்ளும் வந்து சேரும். பண்ருட்டி என்றால் பலாவும் முந்திரியும் என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இந்த ஊருக்குக் கர்நாடக இசையில் உள்ள பங்கு அவ்வளவு பேருக்குத் தெரியாது. காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படும் பலா மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி இங்கே விறகுக்குப் போவதில்லை. கடைசல் பட்டறைக்குப் போய் மிருதங்கக் கட்டையாகிறது. தஞ்சாவூருக்குப் போய் வீணையாகிறது, தம்புராவாகிறது. இந்தியாவிலேயே புவிசார் குறியீடு பெற்ற முதல் இசைக்கருவி என்று 2013-ல் பெயர் வாங்கிய தஞ்சாவூர் வீணையின் குடத்துக்குள் பெரும்பாலும் இந்தச் செம்மண் மேட்டு மரம்தான் இருக்கிறது.

மரம் அதேதான். ஆனால் அதிலிருந்து இன்று எழும் ஒலி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒலியா? இல்லை. பழைய பாட்டுகளை நாம் புதிதாகப் பதிவு செய்யும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோமா? அதுவும் இல்லை. ஐரோப்பாவில் இதே கேள்வியை எழுபது ஆண்டுகளாகக் கேட்டு, சண்டை போட்டு, விடையையும் ஒலித்தட்டுகளாகவே தந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டுகொண்டதில் நமக்குப் பயன்படும் சங்கதி நிறையவே உண்டு.

முதலில் அங்கே நடந்ததைப் பார்க்கலாம். மேற்கத்திய இசையில் ‘கிளாசிக்கல் காலம்’ என்பது ஏறத்தாழ 1750 முதல் 1820 வரை. ஹைடனும் மோசார்ட்டும் இளம் பீத்தோவனும் எழுதிய காலம். தனி வாத்தியம் ஒன்றும் பெரிய வாத்தியக் குழு ஒன்றும் எதிரெதிரே நின்று உரையாடும் ‘கான்செர்ட்டோ’ என்ற வடிவம் அப்போது ஊரெங்கும் எழுதிக் குவிக்கப்பட்டது. மோசார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களை உலகம் விடவில்லை. அதே காலத்தில் அதே மேடைகளில் கைதட்டல் வாங்கிய மற்றவர்களை மறந்தது. போஹீமியாவில் பிறந்து ஐரோப்பா முழுதும் சுற்றிய துஸ்ஸெக் (1760–1812), வியன்னாவில் மோசார்ட்டுக்கு ஈடாகப் பேசப்பட்ட கோஷெலுக் (1747–1818), கரீபியத் தீவான குவாதலூப்பில் அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்து பாரிஸ் நகரையே தன் வயலினால் மயக்கிய செவாலியே தெ சேன்ட் ஜார்ஜ் (1745–1799) என்று அந்த வரிசை நீளம்.

இவர்களுடைய இசை இப்போது ஒவ்வொன்றாக மீண்டும் பதிவாகிறது. லண்டனின் ஹைபீரியன் நிறுவனம் 2014 முதல் இதற்கென்றே ஒரு வரிசை வெளியிட்டது. பியானோ கலைஞர் ஹோவர்ட் ஷெல்லி இன்றைய பெரிய பியானோவில், இன்றைய வாத்தியக் குழுவோடு, துஸ்ஸெக்கையும் கோஷெலுக்கையும் வாசித்தார். இன்னொரு பக்கம், அந்தக் காலத்து வாத்தியத்தில்தான் அந்தக் காலத்து இசையை வாசிக்க வேண்டும் என்பவர்கள். நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் 1953-ல் வியன்னாவில் தொடங்கிய குழு இதற்கு முன்னோடி. 1980-களில் மால்கம் பில்சன், மோசார்ட்டின் கான்செர்ட்டோக்களை ‘ஃபோர்டேபியானோ’ என்னும் பழைய வகைப் பியானோவில் வாசித்துப் பதிவு செய்தார். 1993-ல் ராபர்ட் லெவினும் கிறிஸ்டஃபர் ஹாக்வுட்டும் தொடங்கிய இதே போன்ற பெரும் பதிவு பாதியில் நின்றுபோனது. ஹாக்வுட் 2014-ல் காலமானார். நின்றது நின்றபடியே போய்விடவில்லை. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு லெவின் மீண்டும் உட்கார்ந்து மிச்சத்தை வாசித்து முடித்தார்.

அப்படி என்ன வித்தியாசம்? இன்றைய கச்சேரிப் பியானோவுக்குள் வார்ப்பிரும்புச் சட்டம் உண்டு. கம்பிகளின் மொத்த இழுவிசை இருபது டன் அளவுக்குப் போகும், எடை அரை டன்னை நெருங்கும். மோசார்ட் வைத்திருந்த, அன்டன் வால்ட்டர் செய்த பியானோவோ முழுக்க மரச்சட்டம், எடை நூறு கிலோவுக்கும் குறைவு. சுத்தியல்களின் மேல் கனமான கம்பளிக்குப் பதில் மெல்லிய தோல். தட்டினால் ஸ்வரம் பளிச்சென்று கிளம்பிச் சட்டென்று அடங்கும். கீழ்ஸ்தாயிக்கு ஒரு நிறம், மேல்ஸ்தாயிக்கு வேறொரு நிறம். இன்றைய பியானோவில் அந்த நிறபேதம் தேய்ந்து, எல்லா ஸ்வரமும் ஒரே வழவழப்பில் வரும். அதற்குப் பதிலாக மூவாயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மோசார்ட்டை எதில் வாசித்தாலும் மோசார்ட் தப்பித்துக்கொள்வார். இசையின் கட்டுமானம் அவ்வளவு உறுதி. துஸ்ஸெக்கின் நிலைமை அப்படியல்ல. அவருடைய அழகில் பெரும்பங்கு தன் கையடியில் இருந்த வாத்தியத்தின் குரலை அவர் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் சில பக்கங்கள் வெறும் விரல் பயிற்சியாகக் கேட்கும். பழைய வாத்தியத்தில் வாசித்தால் அதே பக்கங்கள் உயிர்பெற்றுவிடும். ஆக, பழைய வாத்தியம் புகழ்பெற்ற இசையைக் காட்டிலும் மறக்கப்பட்ட இசைக்கே அதிகம் தேவைப்படுகிறது. ‘இந்தப் பாட்டில் ஒன்றுமில்லை’ என்று தள்ளுவதற்கு முன், அதற்குரிய ஒலியில் ஒருமுறையாவது அதைக் கேட்டோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வரலாம்.

ஐரோப்பாவில் ஹைடன் வாத்தியக் குழுவை நடத்திய அதே பதினெட்டாம் நூற்றாண்டில், தில்லைக்கு அருகே தில்லைவிடங்கனில் மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) நடராசர் மேல் கீர்த்தனைகள் இயற்றிக்கொண்டிருந்தார். தெய்வத்தையே உரிமையோடு கேலி செய்யும் நிந்தாஸ்துதிகள் அவருடைய தனிச்சொத்து. அவர் வயதையொத்தவர், டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர். ராமாயணம் முழுவதையும் பாட்டாகப் பாடி ‘இராம நாடகக் கீர்த்தனை’யைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியவர். இவர்களுக்கு முந்திய முத்துத்தாண்டவரையும் சேர்த்துச் சீர்காழி மூவர் என்கிறோம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் கீர்த்தனை பாடுவதைத் திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்பே நடைமுறையாக்கியவர்கள். ஆனாலும் கச்சேரிகளில் இவர்களுக்குக் கிடைப்பது கடைசி அரை மணி நேரத்தின் ஒரு மூலை.

ஒரு காலத்தில் அதுகூட இல்லை. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-ல் அங்கே தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பல்கலைக்கழகம் பழைய தமிழ்ப் பாடல்களைத் தேடிப்பிடித்து ஸ்வரக் குறிப்போடு நூல்களாக அச்சிட்டது. எம்.எம்.தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் அங்கேயே இருந்து கற்பித்தார்கள். சீர்காழி மூவர் இன்று நம் காதில் விழுகிறார்கள் என்றால் அதற்குச் சிதம்பரத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்போது பாட்டின் சொல் மீட்கப்பட்டது. பல பாடல்களுக்குப் பழைய மெட்டு பிழைத்திருக்கவில்லை. அச்சுப் பிரதிகளில் ராகம், தாளத்தின் பெயர் மட்டும் இருந்தது. சில இடங்களில் அந்த ராகமும் மாற்றப்பட்டது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற பெரிய வித்வான்கள் இருபதாம் நூற்றாண்டின் கச்சேரி மேடைக்குத் தகுந்தபடி புதிய மெட்டுகளை அமைத்தார்கள். அவை அருமையான மெட்டுகள், அதில் ஐயமே இல்லை. ஆனாலும் மாரிமுத்தாப் பிள்ளையின் காதில் விழுந்த ஒலி எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அந்தப் பெரும்பணியில் எழவேயில்லை. சொல், மெட்டு, பாடகர் என்று மூன்றைப் பற்றி யோசித்தார்கள். வாத்தியத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

யோசித்த ஒருவர் உண்டு, அவரும் சிதம்பரத்தோடு தொடர்புள்ளவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 முதல் 1933 வரை இருந்த, மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலானந்த அடிகள். மறைந்துபோன யாழின் அமைப்பைச் சங்க இலக்கியச் சான்றுகளையும் கணக்கையும் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியபோது, அவர் கண்ட முறைப்படி செய்யப்பட்ட யாழ்களை அங்கே மீட்டினார்கள். அடுத்த மாதமே அடிகள் காலமானார். அந்த முயற்சி தொடர்ந்திருந்தால் தமிழ்நாட்டில் பழைய வாத்திய இயக்கம் அப்போதே பிறந்திருக்கும். யாழ் இந்த வட்டாரத்துக்கு அந்நியமும் அல்ல. தேவாரப் பண்களோடு யாழை இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், பண்ருட்டி இருக்கும் கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூர்க்காரர். பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த அப்பர் தம் பாட்டில் சொல்லும் வீணையும் இன்றைய வீணை அல்ல. இருபத்துநான்கு மெட்டுகளை நிலையாக மெழுகில் பதித்த இன்றைய வீணை, பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் உருப்பெற்றது.

யாழ் அழிந்தே போன வாத்தியம், அதை மீட்க ஆராய்ச்சி வேண்டியிருந்தது. மிருதங்கம், வயலின், நாகஸ்வரம் மூன்றும் இன்றும் நம் கண்ணெதிரே இருப்பவை. கண்ணெதிரே இருப்பதாலேயே அவை மாறியிருப்பது நமக்கு உறைப்பதில்லை.

நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் கோயிலின் நான்கு வீதிகளிலும் தேரோடு நடந்த நாயனக்காரர்கள் கையில் அன்று இருந்தது திமிரி. நீளம் குறைவு, ஸ்ருதி அதிகம், நாலு கட்டைக்கும் மேலே போகும். தெருமுனையில் ஊதினால் ஊர் முழுக்கக் கேட்கும் கூர்மை அதற்கு உண்டு. இன்று நாம் கேட்கும் நீளமான, தாழ்ந்த ஸ்ருதி கொண்ட பாரி நாயனம் இருபதாம் நூற்றாண்டில் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கையில்தான் பரவியது. அதை அவருக்காகச் செய்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. சுத்த மத்யமம் இயல்பாகப் பேசும்படி துளைகளைத் திருத்தியதும் அவரே. அவருடைய ஊரின் நாகஸ்வரம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது. பாரி வந்த பிறகு திமிரி மெல்ல ஒதுங்கியது. பாரியின் கனிவு மகத்தானது. ராஜரத்தினத்தின் தோடியைப் பாரியில் கேட்ட காது வேறொன்றுக்கு இறங்காது. இருந்தாலும், பதினெட்டாம் நூற்றாண்டில் தில்லை வீதியில் ஒலித்தது பாரி அல்ல.

நாட்டிய மேளத்தில் இழப்பு இன்னும் பெரிது. நாகஸ்வரத்தின் குட்டியான முகவீணை, ஸ்ருதிக்குத் துத்தி என்ற தோற்பை, நட்டுவனார் பக்கத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசித்த மிருதங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் இவை அனைத்தும் தெளிவாகவே தெரிகின்றன. ஒலிதான் போய்விட்டது.

ஸ்ருதி விஷயத்தில் ஐரோப்பாவுக்கும் நமக்கும் ஒரு சுவையான முரண்பாடு உண்டு. மோசார்ட் காலத்து ஸ்ருதி இன்றையதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. பழைய வாத்தியக் குழுக்கள் ‘ஏ’ (A) ஸ்வரத்தை நொடிக்கு 430 அதிர்வில் வைத்துக்கொள்கின்றன, இன்றைய அளவு 440. அங்கே ஸ்ருதி காலப்போக்கில் ஏறியது. இங்கே அது இறங்கியது. ஒலிபெருக்கி வருமுன் தெருவிலும் நாடகக் கொட்டகையிலும் குரல் எட்ட வேண்டுமானால் மேலே பாடித்தான் ஆக வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் தட்டுகளைக் கேட்டால் அந்த உயரம் இப்போதும் திகைக்க வைக்கும். மைக் வந்ததும் ஆண் பாடகர்கள் ஒன்றரை, இரண்டு கட்டைக்கு இறங்கி நிதானமாகப் பாடத் தொடங்கினார்கள். மைக்கே வேண்டாம் என்று கடைசிவரை சொன்னவர் பாலக்காடு மணி ஐயர். மிருதங்கத்தின் இயல்பான ஒலி கெடுகிறது என்பது அவர் வழக்கு.

மணி ஐயர் எதைக் காப்பாற்ற நினைத்தார் என்று புரிய, மிருதங்கத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

பண்ருட்டிப் பட்டறைகளில் பலாத் துண்டைக் கடைந்து, நடுவே குடைந்து கட்டையாக்குகிறார்கள். தக்கு ஸ்ருதிக்கு நீளமான கட்டை, ஏறத்தாழ 24 அங்குலம். உச்ச ஸ்ருதிக்கு 22 அங்குலம் போதும். பலாவின் வைரம் கனமும் இல்லை, மென்மையும் இல்லை. கரையான் எளிதில் தொடாது, நாள்பட நாள்பட மஞ்சள் நிறம் கருஞ்சிவப்பாக முற்றும். கடைந்த கட்டைகள் அங்கிருந்து தஞ்சாவூர், சென்னை என்று தோல் வேலை செய்பவர்களிடம் போகின்றன. ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் ஒரே வாத்தியத்தில் சேர்கின்றன. எருமைத் தோல் வாராகி இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். வலப்பக்கமான வலந்தலையில் கரிய கல்லைப் பொடித்துச் சோற்றில் இழைத்து, துளித்துளியாகத் தேய்த்து ஏற்றும் கரணை. இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்குக் கச்சேரி ஒட்டி எடுக்கும் ரவைப் பசை.

அந்தக் கரணையின் பின்னால் உள்ள அறிவை உலகுக்கு விளக்கியவர் சி.வி.ராமன். நோபல் பரிசுக்குப் பத்தாண்டு முன்பே, 1920-ல், ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதினார். சாதாரண முரசின் தோலைத் தட்டினால் எழும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் சத்தமாகவே நிற்கும். மிருதங்கத்தில் நடுவே ஏற்றிய கரணையின் கனம் அந்த அதிர்வுகளைச் சீராக்கி, முதல் ஐந்தையும் வீணைக் கம்பிபோல் ஸ்வர ஒழுங்கில் நிறுத்துகிறது. தோல் வாத்தியம் ஸ்ருதி சேர்வது இதனால்தான். இந்தச் சூத்திரத்தை எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் கையாலும் காதாலும் கண்டுபிடித்தவர்கள், சமூகம் தள்ளி நிறுத்திய தோல் தொழிலாளர்கள். மணி ஐயருக்கு நெடுங்காலம் மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர், டி.எம்.கிருஷ்ணா 2020-ல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலுக்குப் பிறகுதான் ரசிகர்களில் பலருக்குத் தெரிந்தது. வியன்னாவில் அன்டன் வால்ட்டர் பெயரை மோசார்ட்டோடு சேர்த்துச் சொல்கிறார்கள். இங்கே அந்த மரியாதை வர இவ்வளவு காலம் ஆனது வேதனைதான்.

இன்றைக்கு மிருதங்கத்திலும் புது வகைகள் வந்துவிட்டன. வாருக்குப் பதில் நட்டு போல்ட் வைத்து முடுக்குவது பழகிப்போனது. பெங்களூரில் பொறியாளரும் மிருதங்க வித்வானுமான கே.வரதரங்கன், கண்ணாடி இழைக் கட்டையும் செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கத்தையே உருவாக்கியிருக்கிறார். மழைக்கும் வெயிலுக்கும் ஸ்ருதி மாறாது, விமானத்தில் ஏற்றலாம், தோல் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டில் டிசம்பர் குளிரில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். 1979-ல் பெங்களூரில் பிறந்த எலக்ட்ரானிக் தம்புராவும் அப்படித்தான் வீடுவீடாக நுழைந்தது. இவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. புதிய பாட்டுக்கும் அன்றாடப் பயிற்சிக்கும் இவை பொருத்தமே. பழைய பாட்டை மீட்கிறோம் என்ற அறிவிப்போடு வரும் பதிவில் எலக்ட்ரானிக் தம்புராவும், உரக்கச் சொல்லும் மைக்கும், எஃகு நரம்பு வயலினும் இருக்கும்போதுதான் நெஞ்சு ஒப்பவில்லை.

வயலின் இங்கு வந்த கதை இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு நேரடிச் சொந்தம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) சென்னைப் பக்கம் மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அதாவது, கிளாசிக்கல் கால கான்செர்ட்டோக்கள் எழுதப்பட்ட அதே வகை வயலின்தான் நம் இசைக்குள் முதலில் நுழைந்தது. அந்தக் காலத்து வயலினுக்கு ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பு. மேல் நரம்பும் குடல்தான். எஃகு நரம்பு வழக்கத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். குடல் நரம்பின் ஒலி சிறியது, சற்றுக் கரகரப்பானது. மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்பது. கமகத்தில் விரல் சறுக்கும்போது அது தரும் உராய்வு எஃகில் வராது. ஐரோப்பாவில் பழைய இசை வாசிப்பவர்களுக்காக இன்று குடல் நரம்புகளைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். கர்நாடக வயலினில் அதைக் கட்டி, தீட்சிதர் கீர்த்தனையை வாசித்து வெளியிட யாரும் முன்வந்ததாகக் காணோம்.

தீட்சிதரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீர்காழி மூவரின் பாடல்களுக்கு மெட்டே புதிது எனும்போது பழைய வாத்தியத்தில் வாசித்து என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தீட்சிதருக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு. அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கீர்த்தனைகள் கமகக் குறியீடுகளோடு பதிவாகியுள்ளன. அதைவிடத் தோதானது அவருடைய நொட்டுஸ்வர சாகித்யங்கள். சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஆங்கில, ஐரிஷ் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சொல் கொடுத்து அவர் உருவாக்கிய ஏறத்தாழ நாற்பது சிறு பாட்டுகள். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுகூட அவற்றில் உண்டு. எல்லாமே சங்கராபரணம். மெட்டு மாறாமல் அப்படியே பிழைத்திருக்கிறது. மோசார்ட் உயிரோடிருந்தபோது பிறந்து, பீத்தோவனுக்குப் பின் எட்டாண்டு வாழ்ந்த ஒருவர் மேற்கத்திய மெட்டில் செய்த பாட்டுகள் இவை. நீண்ட காலம் சிறுவர்களுக்கான பயிற்சிப் பாட்டாக மட்டும் ஒதுக்கிவைத்திருந்தோம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன் இவற்றைத் தேடித் தொகுத்துப் பதிவு செய்த பிறகு இளைய பாடகர்கள் பலரும் பாடுகிறார்கள். ஒரு குடல் நரம்பு வயலின், ஒரு பழைய வகை மரப் புல்லாங்குழல், தோல் முரசு என்று அமைத்து இவற்றை மீண்டும் ஒருமுறை பதிவு செய்தால், தீட்சிதர் கோட்டைப் பக்கம் கேட்டதற்கு மிக நெருங்கிப் போய்விடலாம்.

சீர்காழி மூவருக்கும் வழி இல்லாமல் போய்விடவில்லை. மெட்டு இருபதாம் நூற்றாண்டுடையது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தம்புரா, மைக் வைக்காத வீணை, வார் கட்டிய மிருதங்கம் ஆகியவற்றோடு சிறு அறையில் பாடிப் பதிவு செய்யலாம். வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தது அப்படித்தான். அறையில் யாரும் இருமினாலும் பாட்டு கெட்டுவிடும் என்னும் அளவுக்கு மெல்லிய ஒலி. 1930-களில் அவர் தந்த சில நிமிடத் தட்டுகள் இன்றும் நமக்கு அந்த அளவை நினைவூட்டுகின்றன. மாரிமுத்தாப் பிள்ளையின் நிந்தாஸ்துதி உரத்துச் சொல்வதற்கு ஏற்றதல்ல. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் தெய்வத்தை இடித்துக் கேட்பது. பெரிய அரங்கில் ஒலிபெருக்கி வழியே அந்தக் குத்தல் மழுங்கிப்போகிறது. சிறு ஒலிக்கு அந்தப் பாட்டு திரும்பினால், ‘துக்கடா’ என்று ஒதுக்கப்பட்ட உருப்படி தன் முழு உயரத்தில் நிற்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. துஸ்ஸெக்குக்கு நடந்தது அதுதானே.

மிருதங்கத்தைப் பொறுத்தவரை நாம் ஐரோப்பியர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். பழைய பியானோ நகல் ஒன்றைச் செய்ய அங்கே அருங்காட்சியகப் பொருளை அளந்து, எக்ஸ்ரே எடுத்து, மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். மிருதங்கத்தில் தோல்தான் தேயும், மாற்றுவார்கள். கட்டை நிற்கும். மூன்று தலைமுறை வாசித்த பலாக்கட்டைகள் இன்றும் வித்வான்களின் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கனத்த சுவர், குறைவாகக் குடைந்த உள்வாய் கொண்டவை அவை. அவற்றுக்குப் புதிதாகத் தோல் போட்டு வாரை இழுத்துக் கட்டினால் பழைய வாத்தியம் தயார். அதைச் செய்யத் தெரிந்த கைகளும் தஞ்சாவூரிலும் சென்னையிலும் இன்னும் இருக்கின்றன.

மரம்தான் அவ்வளவு நிச்சயமில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தை உருக்குலைத்தது. முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. தாத்தா நட்டு, பேரன் காய் பறித்த பலா மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. வாழ்வாதாரம் போனதென்று விவசாயிகள் அழுதது அன்று செய்தியானது. நாளைய வீணையும் மிருதங்கமும் சேர்ந்து சாய்ந்ததை அன்று யாரும் எழுதவில்லை. புயலுக்குப் பின் வைத்த கன்றுகள் இப்போது நன்றாகவே காய்க்கின்றன. ஆனால் கட்டைக்கு ஏற்ற வைரம் பாய இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். வாத்தியத்துக்கென்று சில நூறு பலா மரங்களைக் குறித்து வைத்து, முற்றும்வரை வெட்டாமல் இருக்க விவசாயிக்கு ஈட்டுத்தொகை தருவது பெரிய செலவல்ல.

இதற்கெல்லாம் தலைமை தாங்கத் தகுதியான இடம் பண்ருட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை எண்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லை மீட்டது. ஒலியை மீட்கும் வேலையையும் அது தொடங்கலாம். முதல் பதிவுக்கு நாற்பது நிமிடம் போதும். சில நொட்டுஸ்வரம், தில்லை நடராசர் மேல் தீட்சிதர் செய்த ஒரு கீர்த்தனை, மாரிமுத்தாப் பிள்ளையின் இரண்டு பாட்டு, திமிரியில் ஒரு மல்லாரி. கூடவே ஒரு சிறு புத்தகம். அதில் பாடகர், வாத்தியக்காரர் பெயர்களோடு, கட்டை எந்த ஊர் மரம், கடைந்தவர் யார், தோல் போட்டுக் கரணை வைத்தவர் யார், நாயனம் செய்த ஆசாரி யார், ஸ்ருதி எத்தனை கட்டை, எந்த மெட்டு எந்த ஆண்டில் யாரால் அமைந்தது என்பதை எல்லாம் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.